உருகிப்போச்சு என்றார் மரியமுத்து

பிரான்சில் லியோனிலிருந்து இரண்டு பேர் காரைக்காலுக்கு வந்து ஓர் ஐஸ் கம்பெனிக்குப் புத்தி சொல்லப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஐஸ் கம்பெனிக்கு என்ன புத்தி வேண்டிக்கிடக்கிறது? தண்ணீரை ஊற்றினால் ஐஸாகிறது. மீன்காரர்கள் வந்து வாங்கிப்போகிறார்கள். சிரித்து முடித்துவிட்டு அந்த வேலைக்கு ஒப்புக்கொண்டேன். பிரான்சுக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிற பெண்களுக்குப் பேச்சுப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துக் காலந்தள்ளுகிறவள் நான். அந்த வருஷம், எண்பத்து மூன்றில், கல்யாணங்கள் குறைவு.

என்னைக் கூப்பிட்டனுப்பியவர் ஜெகபர் சாதிக். கம்பெனி அவருடைய அப்பா மதார் சாகிப் ஆரம்பித்தது. பெரியவர் முந்தின வருஷம் காலமாகிவிட்டார். மகன் மீசை முளைக்கும் முன்பே கோலாலம்பூருக்குப் போய் மாமாவின் கடையில் வளர்ந்தவர். அப்பா போன பிறகுதான் ஊருக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சீராக்கிவிட வேண்டும் என்று அவருக்கு ஓர் அவசரம். பாண்டிச்சேரியில் அவருக்குத் தெரிந்த ஒருவர், லியோனில் ஒரு வணிகக் கல்லூரியில் பிள்ளைகளை இப்படி வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு அனுப்புகிறார்கள், அவர்கள் கம்பெனிக்குள்ளேயே இருந்து வேலை செய்து பார்த்து, எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்து, அடைக்க வழி சொல்லிவிட்டுப் போவார்கள், சம்பளம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். சம்பளம் வேண்டாம் என்றால் யார்தான் மாட்டேன் என்பார்கள்?

வந்தவர்கள் பெயர் லோரான், எலேன். லோரான் நெட்டை, எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டான். எலேன் அதிகம் பேசாத பெண், கேட்ட எல்லாவற்றையும் எழுதிக்கொள்வாள். வெள்ளைக்காரப் பிள்ளைகள், மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து ஜூஸ் குடித்துவிட்டுப் போகும் என்று நினைத்தேன். அப்படியில்லை. மறுநாளே லோரான் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஐஸ் ரூமுக்குள் போய்விட்டான். கேனிலிருந்து கழற்றிய ஐஸ் கட்டியைப் 'பார்' என்போம், ஆள் உயரத்துக்கு முக்கால்வாசி இருக்கும். அதைக் கொக்கியால் இழுத்து மரத்தூளில் அடுக்க வேண்டும். இழுத்தான், வழுக்கி விழுந்தான், எழுந்து திரும்பவும் இழுத்தான். எனக்கு அவன்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

ஐஸ் ரூமுக்குப் பொறுப்பு மரியமுத்து அண்ணன். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து அந்தக் கதவின் சாவி அவர் இடுப்பில்தான். தோளில் ஓர் ஈரச் சாக்கு, வாயில் பேச்சு கிடையாது. ஒரு பதில் வாங்குவதற்குள் நமக்குத் தொண்டை வறண்டுவிடும். ஆபீசில் மானேஜர் கைலாசநாதன். எதற்கும் தலையாட்டுவார், எதையும் தலையில் போட்டுக்கொள்ள மாட்டார்.

மூன்றாவது வாரத்தில் லோரான் ஓட்டையைக் கண்டுபிடித்தான். எடுத்த பார்களுக்கும் விற்ற பார்களுக்கும் நடுவே துண்டு விழுந்தது. "உருகியிருக்கும்" என்றார் கைலாசநாதன். லோரான் விடுவானா? ஒரு பாரைத் தனியாக மரத்தூளில் புதைத்துக் காலையிலும் மாலையிலும் தராசில் ஏற்றினான். உருகத்தான் செய்தது. ஆனால் அவ்வளவு உருகவில்லை. அதற்குமேல், உருகுவது என்றால் தினமும் உருக வேண்டும். இங்கே வாரக்கணக்கில் ஒன்றும் குறையாமல் இருந்து, திடீரென்று இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் பார்கள் காணாமல் போயின. பிறகு மறுபடி ஒன்றுமில்லை.

ஜெகபர் சாதிக் மரியமுத்து அண்ணனை ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கேட்டார்.

"இந்தப் பாரெல்லாம் எங்கண்ணே போச்சு?"

"உருகிப்போச்சு மொதலாளி."

"அவ்வளவு உருகாதுன்னு இந்தத் தம்பி நிறுத்துப் பாத்துட்டாரு."

"உருகிப்போச்சு" என்றார் மறுபடியும், சுவரைப் பார்த்துக்கொண்டு.

லோரான் என்னைப் பார்த்தான். நான் மொழிபெயர்த்தேன். கைலாசநாதன் பேனாவுக்கு மை போட ஆரம்பித்தார், அதில் மை நிறையவே இருந்தது.

அன்று மாலை எலேன் ஒரு பெரிய கட்டத்தாளில் ஒரு வருஷத்துக் குறைவை வரைந்து என்னிடம் காட்டினாள். தட்டையாக ஓடும் ஒரு கோடு, அங்கங்கே குபீரென்று மேலே ஏறி இறங்கும். "இந்த நாட்களில் மீன்சந்தையில் ஏதாவது விசேஷமா? திருவிழாவா?" என்று கேட்டாள். நான் தேதிகளைப் பார்த்தேன். மார்ச் மாதத்து உச்சி எங்கள் தெரு ராயப்பர் சார். ஆகஸ்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டும் தருமபுரத்து அக்காவும் தங்கையும். டிசம்பரில் இருந்தது தபாலாபீஸ் சூசையின் மனைவி. அந்தப் பெண்பிள்ளை கையில் வைத்திருந்தது எங்கள் ஊரில் செத்தவர்களின் வரிசை. அவளுக்கு அது தெரியாது.

எங்கள் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் பாதிக்கு ஒரு பிள்ளையாவது பிரான்சில் இருக்கும். வீட்டில் ஒருவர் செத்தால், பிள்ளைக்குத் தந்தி போய், அவன் விமானம் பிடித்து, மெட்ராசில் இறங்கி, கார் வைத்துக்கொண்டு வந்து சேரும்வரை உடல் காத்திருக்க வேண்டும். கோயிலில் துக்க மணி அடித்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மரியமுத்து அண்ணனின் மூன்று சக்கர சைக்கிள் வாசலில் வந்து நிற்கும். யாரும் சொல்லியனுப்புவதில்லை. அவரே பார்களை இறக்கி, உடைத்து, உடலைச் சுற்றி வைத்து, உமியைக் கொட்டி, சாக்கால் மூடிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். காசு கிடையாது. நன்றி சொல்கிற வழக்கமும் கிடையாது. பிறகு கடைத்தெருவில் அவரை எதிரில் பார்த்தாலும் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. ஐஸ் வைத்ததைப் பற்றிப் பேசினால் இன்னொரு சாவை அழைக்கிற மாதிரி.

என் அப்பாவும் அந்த ஐஸில் படுத்திருந்தவர்தான். என் அண்ணன் பிலோமின்ராஜ் துலோனிலிருந்து வந்து சேர்ந்து, அப்பாவின் கன்னத்தைத் தொட்டு, "தூங்குற மாதிரியே இருக்காரு" என்றான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் என் அம்மா இன்றுவரை நடமாடிக்கொண்டிருக்கிறாள். இதற்கு நான் யாருக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் ஜெகபர் சாதிக் முடிவாகச் சொல்லிவிட்டார். பிரெஞ்சுப் பிள்ளைகள் சனிக்கிழமை தங்கள் அறிக்கையை எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்போகிறார்கள். அதற்குள் மரியமுத்து அண்ணன் வாயைத் திறக்காவிட்டால் சாவியை வாங்கிவிட வேண்டியதுதான். "வாப்பா காலத்து ஆளுன்னு பாக்கறேன், இல்லாட்டி போலீசுக்கே போயிருப்பேன்" என்றார். சாவி போனால் ஊரில் பேர் போய்விடும். ஐஸ் திருடினவர் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்புறம் அதை எந்தத் தண்ணீரில் கழுவுவது?

நான் ஐஸ் ரூமுக்கே போனேன்.

"அண்ணே, மொதலாளிகிட்ட உள்ளத சொல்லிடுங்க."

"என்னத்த டீச்சர் சொல்றது?"

"எங்கப்பாவுக்கு வச்சீங்களே, அத."

அவர் முகம் சுருங்கிவிட்டது. நான் அந்தப் பேச்சை எடுத்ததே அவருக்குப் பிடிக்கவில்லை. கொக்கியை ஓரமாகச் சாய்த்துவைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"பெரியவரு ஒரு தடவதான் சொன்னாரு. மவுத்து வூட்டுக்குப் போறது கம்பெனி சரக்கு இல்ல மரியமுத்து, அத எழுதப்படாது, பேசப்படாது, யாரு கேட்டாலும் உருகிப்போச்சுன்னு சொல்லுன்னாரு. சரின்னேன்."

"அவருதான் போயிட்டாரே!"

"அவரு போயிட்டா, நான் சரின்னது போயிடுமா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இப்படியும் ஒரு மனுஷர் பிடிவாதம் பிடிப்பாரா? செத்தவருக்குக் கொடுத்த வாக்குக்காக உயிரோடு இருக்கிற பெண்டாட்டி பிள்ளைகளைத் தெருவில் நிறுத்துவாரா? கன்னாபின்னாவென்று கத்திவிட்டு வந்தேன். அவர் சொல்லாவிட்டால் என்ன, எனக்கு வாய் இருக்கிறது. நேரே ஆபீசுக்குப் போய் ஜெகபர் சாதிக்கிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். முதலில் தமிழில், பிறகு அந்த இரண்டு பேருக்கும் பிரெஞ்சில். கட்டத்தாளில் ஒவ்வொரு உச்சியாகத் தொட்டுப் பெயர் சொன்னேன். எலேன் தாளை மெதுவாகத் திருப்பிக் கவிழ்த்துவைத்தாள்.

ஜெகபர் சாதிக் கவிழ்த்த தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஊருக்கே தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியல" என்றார். "எப்படித் தெரியும் டீச்சர்? எங்கள்ல ஐஸ் எதுக்கு? வாப்பா காலையில மவுத்து, சாயங்காலம் அசர் தொழுகைக்குள்ள அடக்கம். நான் வந்து கபுரத்தான் பாத்தேன். மொகத்தப் பாக்கல."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் வழி சொல்லாமல் போவதற்கு அந்தப் பிள்ளைகள் லியோனிலிருந்து வரவில்லையே. லோரான் உற்சாகமாகிவிட்டான். இது இழப்பே அல்ல, தர்மச் செலவு, அப்படியே காட்டிவிடலாம் என்றான். வாசலில் ஒரு போர்டு வைத்தால் கம்பெனிக்கு ஊரில் நல்ல பெயர் என்றும் சொன்னான். போர்டு வேண்டவே வேண்டாம் என்று ஜெகபர் சாதிக் கையை உதறினார். ஆனால் சீட்டு வேண்டும் என்றார். "இன்னிக்கு மரியமுத்து அண்ணன நம்பறேன். நாளைக்கு இன்னொருத்தன் வந்து இதையே சாக்கா சொன்னா?" நியாயமான கேள்விதான்.

எலேன் சீட்டைத் தயாரித்தாள், நான் தமிழில் எழுதிக்கொடுத்தேன். இறந்தவர் பெயர், வீட்டாரில் ஒருவர் பெயர், என்ன உறவு, கையொப்பம். சீட்டு இல்லாமல் பார் வெளியே போகக் கூடாது, பொய்ச் சீட்டுக் கொடுத்தால் வேலை கிடையாது என்று ஐஸ் ரூம் கதவிலும் எழுதி ஒட்டினோம். மரியமுத்து அண்ணன் திருடர் இல்லை என்று தீர்ந்தது. சாவி அவரிடமே இருந்தது. நான் காப்பாற்றிவிட்டேன் என்று இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். அவர்தான் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை துக்க மணி அடித்தது. கோவில்பத்தில் சந்தனசாமி தாத்தா. பிரெஞ்சுக்காரன் காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர். ஒரே மகன் மார்சேயில். வீட்டில் அவர் மனைவி இருதயமேரியம்மா மட்டும். எலேன் தானும் வந்து பார்க்க வேண்டும் என்றாள். நாங்கள் இருவரும் ரிக்‌ஷாவில் முன்னால் போனோம். மரியமுத்து அண்ணன் பின்னால் மிதித்துக்கொண்டு வந்தார். சட்டைப்பையில் சீட்டும் பேனாவும் தெரிந்தன.

அந்த வீட்டில் கூட்டம் இன்னும் சேரவில்லை. தாத்தாவுக்குப் பட்டாளத்துக் கோட்டு போட்டிருந்தார்கள். தலைமாட்டில் சிலுவை, இரண்டு மெழுகுவத்தி. மரியமுத்து அண்ணன் ஐஸை வைத்த விதத்தை நான் அப்பா சாவில் பார்க்கவில்லை, அன்று நான் பார்க்கும் நிலையில் இல்லை. இந்த வெள்ளிக்கிழமைதான் பார்த்தேன். கழுத்தருகில் வைக்கிற துண்டுகளின் கூர்முனையை உள்ளங்கையால் தேய்த்து மழுக்கிவிட்டு வைத்தார். இருதயமேரியம்மா மடியில் கையைக் கோத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் கிளம்பியிருக்கவே மாட்டான், ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்தது. மரியமுத்து அண்ணன் அந்த அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார். கை சட்டைப்பைவரை போனது. நின்றார். அந்த அம்மா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். அவர் கையை இறக்கி, சாக்கை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். எலேன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாங்கள் கம்பெனிக்குத் திரும்பியபோது கைலாசநாதன் சீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். மரியமுத்து அண்ணன் அந்த மேசையிலேயே வைத்து, எழுத்துக் கூட்டி எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார். கைலாசநாதன் வாங்கிப் படித்துவிட்டுப் பதறிப்போனார்.

"யோவ், என்னய்யா இது! செத்த வீட்டுக்காரங்க பேரு எழுதற எடத்துல ஒன் பேர எழுதியிருக்கே? உறவுங்கற எடத்துல அண்ணன்னு போட்டிருக்கே? வாயில நல்ல வார்த்த வராதா ஒனக்கு?"

சத்தம் கேட்டு ஜெகபர் சாதிக் உள்ளேயிருந்து வந்தார். லோரானும் கூட வந்தான். சீட்டை வாங்கி ஜெகபர் சாதிக் ஒரு தடவை படித்தார், திரும்பவும் படித்தார். பொய்ச் சீட்டுக் கொடுத்தால் வேலை கிடையாது. அவர் சொல்லித்தான் நான் எழுதி ஒட்டினேன். அறிக்கை வாசிக்க ஒரு நாள்தான் இருந்தது. இந்த மனுஷர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாரே என்று எனக்கு அழுகையாக வந்தது.

"சந்தனசாமி ஒங்களுக்குக் கூடப் பொறந்தவரா?"

"இல்ல மொதலாளி."

"சொந்தமா?"

"இல்ல."

"பின்ன?"

மரியமுத்து அண்ணன் அவ்வளவு பேசி நான் கேட்டதேயில்லை.

"அந்தம்மா வாசலப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கு, புள்ள வருதான்னு. அதுகிட்ட போயி இதுல ஒரு கையெழுத்துப் போடுன்னு நீட்ட முடியல மொதலாளி. நீட்டத்தான் போனேன். கை வரல. ஒங்க கணக்குக்கு செத்தவருக்கு ஒரு ஆளு வேணும்னீங்க. ஆளு நான் இருக்கேன்னு போட்டேன். தப்புன்னா சாவிய எடுத்துக்குங்க."

இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

லோரான் என்ன நடக்கிறது என்று என்னைக் கேட்டான். எனக்குப் பிரெஞ்சு வரவில்லை. ஒரு வார்த்தைகூட வரவில்லை.

ஜெகபர் சாதிக் சாவியைக் கையில் எடுத்தார். சீட்டை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்தார்.

"அண்ணன் மவுத்தாயிருக்காரு. நீங்க என்ன வேலைக்கு வந்து நிக்கிறீங்க?" என்றார்.

மரியமுத்து அண்ணனுக்குப் புரியவில்லை. "வேலைய விட்டுப் போகச் சொல்றீங்களா மொதலாளி?"

"இல்லண்ணே. மவுத்து வூட்டுக்குப் போகச் சொல்றேன். போயி அந்தம்மா பக்கத்துல ஒக்காருங்க. மவன் வந்து, அடக்கம் முடிஞ்சு, அப்பறம் வாங்க. அதுவரைக்கும் ஐஸ் ரூம நான் பாக்கறேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பக்கத்துல இருங்கண்ணே. எனக்குத்தான் அது கெடைக்கல."

மரியமுத்து அண்ணன் தோளிலிருந்த சாக்கை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். முதலில் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. எங்கள் ஊரில் எத்தனையோ சாவு வீடுகளுக்குப் போனவர். ஒரு வீட்டிலும் அவர் உட்கார்ந்ததில்லை, உட்காருங்கள் என்று யாரும் சொன்னதில்லை, நாங்களும் சொல்லவில்லை. இறக்கிவைத்துவிட்டு மீன்காரர்களுக்குப் பார் எடுத்துக்கொடுக்க ஓடிவந்தாக வேண்டும். அழ நேரமே இல்லாமல் விட்டுப்போன எல்லோருக்கும் சேர்த்து அன்றைக்கு ஆபீஸ் நடுவில் நின்று அழுதார். அதில் என் அப்பாவும் இருந்தார். நானும் அழுதேன், வெட்கப்படவில்லை. கைலாசநாதன் எழுந்து நின்றுவிட்டார்.

எலேனுக்கு எதுவும் விளங்கவில்லை. முதலாளி அவரிடம் என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு பிரெஞ்சில் சொன்னேன்: அண்ணன் செத்துப்போயிருக்கிறார், வீட்டுக்குப் போ என்கிறார்.

"அப்படியானால் அவர் உண்மையிலேயே அண்ணனா?" என்று கேட்டாள்.

"ஆமாம்" என்றேன்.